ஈர மாவும் இளம் பாகும்

ஈர அரிசி மாவைச் சூடான சர்க்கரைப் பாகில் கிளறி, சில நாள் ஊறவிட்டு, உள்ளங்கையளவு தட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது அதிரசம். மாவைப் பிடித்து நிறுத்த அதில் முட்டை சேர்வதில்லை. உப்பவைக்க மதுவமோ சோடாவோ சேர்வதில்லை. ஏலக்காயும் எள்ளும் மணத்துக்காகவே போடப்படுகின்றன. இத்தனை குறைவான பொருள்களால் ஆன பலகாரம் என்பதாலேயே, ஒன்றின் பிழையை இன்னொன்று ஈடுசெய்ய வழியில்லை. அரிசி மணிக்குள் எவ்வளவு நீர் ஏறியது, பாகில் எவ்வளவு நீர் மிஞ்சியது, சுற்றியுள்ள காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற மூன்றும் ஒத்துவந்தால்தான் அதிரசம் எண்ணெயில் கரையாமலும், கல்லாகாமலும், அடுத்த வாரம் வரை பூசணம் பிடிக்காமலும் இருக்கும்.

இந்த மூன்று நீர்க்கணக்குகளும் இலங்கையின் மலைநாட்டில் சமவெளியில் உள்ளதுபோல் இருப்பதில்லை. அட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவை செல்லும் பாதையில், கெசல்கமு ஓயாவை ஒட்டி நோர்வூட் நகரம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீற்றர் உயரம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றில் வாழ்வோரின் முன்னோர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அதிரசம் அவர்களோடு வந்த பண்டம். வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர்களில் பக்குவப்பட்ட கைமுறை, குளிரும் மழையும் உள்ள லயத்துக் காம்பராவுக்குள் வந்துசேர்ந்தது.

மலையகத் தோட்டங்களில் ஆண்டின் பெரிய பண்டிகை தீபாவளி. தோட்ட நிர்வாகம் கொடுக்கும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகுதான் அரிசி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய் எல்லாம் வீட்டுக்கு வருகின்றன. அந்தப் பணம் பின்னர் மாதச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். ஆகவே கெட்டுப்போன ஒரு தாச்சி அதிரசம் அந்த வீட்டுக்குச் சின்ன இழப்பு அல்ல. பண்டிகை வருவதோ ஐப்பசியில். இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட அந்தக் காலத்தில் பிற்பகல் ஆனாலே மழை இறங்குகிறது. துணி காயாத காலத்தில் அரிசி காயவைக்க வேண்டியிருக்கிறது.

வேலை ஊறவைப்பதில் தொடங்குகிறது. கடையில் வாங்கும் பச்சரிசியில் 12 முதல் 14 சதவீதம் வரை நீர் உண்டு. ஊறும்போது அது 30 சதவீதத்தை நெருங்கி, அங்கே நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை மணிநேரம் போட்டாலும் மணிக்குள் அதிகம் ஏறாது. ஆனால் அந்த எல்லையை எட்டும் வேகம் நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியஸ் நீரில் ஒன்றிரண்டு மணிநேரத்தில் முடிவது, பீலியிலிருந்து பிடித்த குளிர்ந்த நீரில் இன்னும் நீளும். சமவெளியில் சொல்லப்படும் நேரத்தை அப்படியே பின்பற்றினால் மணியின் நடுப்பகுதி உலர்ந்தே இருக்கும். இடிக்கும்போது அது குறுநொய்யாகப் பிரிந்து அரிதட்டில் தங்கும். புழுங்கலரிசி இதற்கு உதவாது. நெல்லை அவிக்கும்போதே அதன் மாப்பொருள் ஒருமுறை வெந்து இறுகிவிடுவதால், பாகோடு சேர்ந்து மறுபடி வேகும் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது.

ஊறிய அரிசியை வடித்து, துணியில் பரப்பி, நிழலில் ஆற விடுவது அடுத்த படி. மேற்பரப்பு நீர் போக வேண்டும், உள்ளிருக்கும் நீர் போகக் கூடாது. நோர்வூட்டில் அதிகம் திணறவைப்பது இந்தப் படிதான். காற்று எவ்வளவு நீரை இழுக்கும் என்பது, அது தாங்கக்கூடிய ஆவிக்கும் ஏற்கெனவே தாங்கியிருக்கும் ஆவிக்கும் உள்ள இடைவெளியால் தீர்மானிக்கப்படுகிறது. 30 பாகை வெப்பமும் 65 சதவீத ஈரப்பதனும் உள்ள சமவெளிக் காற்றையும், 16 பாகை வெப்பமும் 90 சதவீத ஈரப்பதனும் உள்ள மலைக் காற்றையும் கணக்கிட்டுப் பார்த்தால், இரண்டாவதன் உலர்த்தும் திறன் முதலாவதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். சமவெளியில் அரை மணிநேரத்தில் ஆறும் அரிசி இங்கே அரை நாள் ஈரமாகக் கிடப்பதன் காரணம் இது. தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் கொழுந்து வாட்டும்போதும் இதே சிக்கல் எழுகிறது. மழை நாளில் அங்கே தொட்டிகளுக்கு அடியிலிருந்து சூடாக்கிய காற்றை ஊதுகிறார்கள். வீட்டில் அதற்கு ஈடாக அடுப்பங்கரையின் சூடு இருக்கிறது. எரியும் அடுப்புக்குச் சற்றுத் தள்ளிச் சுளகில் பரப்பிய அரிசி, இஸ்தோப்பில் பரப்பியதைவிட விரைவில் ஆறும். அங்கே காற்றின் வெப்பம் உயர்வதால் அதன் ஈரப்பதன் சதவீதம் தானாகவே இறங்குகிறது.

ஈரத்தோடு இடிப்பதில் ஆழமான காரணம் உண்டு. அரிசியின் மாப்பொருள், 3 முதல் 8 மைக்ரோமீற்றர் வரையுள்ள மிக நுண்ணிய மணிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. உலர்ந்த அரிசியை ஆலையில் அரைத்தால் உராய்வும் சூடும் சேர்ந்து இந்த நுண்மணிகளில் பலவற்றை உடைத்துவிடும். உடைந்த மணி தன் அளவுக்கு மிஞ்சி நீர் குடிக்கும். பாகின் நீரை அதுவே எடுத்துக்கொண்டால் பிசைந்த மா வறண்டு, பொரிக்கும்போது ஓரங்கள் வெடிக்கும். நீரேறிய அரிசி மெதுவாக இருப்பதால் உலக்கை அடியில் நுண்மணிகள் முழுதாகவே பிரிகின்றன. கடையில் கிடைக்கும் உலர்ந்த பொதி மாவில் நீர் தெளித்துச் செய்யும் அதிரசம் ஏன் பெரும்பாலும் சரியாக வருவதில்லை என்பதற்கு இதுதான் விடை. தெளித்த நீர் ஈரத்தைத் திருப்பித் தரும், உடைந்ததை ஒட்டவைக்காது. இடித்த மாவைப் பிடித்துப் பார்ப்பதே அதன் பதம் அறியும் வழி. கைப்பிடியில் அழுத்தினால் பிடித்த வடிவம் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

அரிசி மாவுக்குத் தானாக இழுபட்டு ஒட்டும் குணம் கிடையாது. கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதன் புரதங்கள் குளூட்டன் என்ற மீள்தன்மையுள்ள வலையாகின்றன. ரொட்டி தட்ட முடிவது அதனால்தான். அரிசியிலும் சோளத்திலும் உள்ள புரதங்கள் அப்படி வலை பின்னுவதில்லை. இந்தக் குறையை ஒவ்வொரு நாட்டுப் பண்டிகைச் சமையலும் தன் வழியில் சமாளித்திருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நவம்பர் மாத நன்றிநவிலல் நாளுக்குச் சோள ரொட்டியை முன்கூட்டியே சுட்டு, உலரவிட்டு, உதிர்த்து, கோழி இறைச்சி வேகவைத்த சாறும் முட்டையும் ஊற்றி, வெங்காயம், செலரி, சேஜ் இலை சேர்த்து மறுபடி அடுப்பில் வேகவைக்கிறார்கள். அங்கே உதிர்வது குறையல்ல, சாற்றை உறிஞ்ச அதுவே வசதி. உதிர்ந்ததைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையை 60 பாகைக்கு மேல் இறுகும் முட்டைப் புரதம் செய்கிறது. அதிரசத்தில் முட்டையின் இடத்தில் இருப்பது பாகு. பிடிப்பு முழுவதும் அதன் பொறுப்பு என்பதால், பாகுப் பதம் தவறினால் மீட்க அதிகம் வழியில்லை.

பொதுவான அளவு, ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ சர்க்கரை. இங்கே சர்க்கரை என்பது வெள்ளைச் சீனி அல்ல, வெல்லம். அதில் சுக்குரோஸோடு குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருக்கின்றன. வெவ்வேறு வடிவ மூலக்கூறுகள் கலந்து நிற்கும்போது சுக்குரோஸால் ஒழுங்காக அடுக்கிப் பளிங்காக முடிவதில்லை. வெறும் சீனிப் பாகில் செய்த மா இரண்டாம் நாள் மணல்மணலாக இறுகிவிடுவது இந்தக் கலப்பு இல்லாததால்தான். சீனியைத் தவிர வேறு வழியில்லாதபோது, கொதிக்கும் பாகில் சில துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் அமிலம் சுக்குரோஸின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்து ஓரளவு உதவும். கித்துள் கருப்பட்டி கிடைக்கும் வீடுகளில் மணமும் நிறமும் மாறும், வேதியியல் ஏறக்குறைய அதேதான்.

பாகு காய்ச்சுவது என்பது நீரை வெளியேற்றுவதே. கொதிக்கும் கரைசலில் சர்க்கரை செறியச் செறியக் கொதிநிலை ஏறுகிறது. கடல்மட்டத்தில் தூய நீர் 100 பாகையில் கொதிக்கும். சர்க்கரை 85 சதவீதத்தை எட்டிய பாகு 112 முதல் 116 பாகை வரை கொதிக்கும். அதிரசத்துக்கு வேண்டிய இளம் உருட்டுப் பதம் இந்த எல்லையில் இருக்கிறது. குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டால் கரைந்து ஓடாமல், விரலால் திரட்டும்போது மெதுவான உருண்டையாகச் சேரும் நிலை அது.

நோர்வூட்டின் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 12 சதவீதம் குறைவு. ஆகவே நீர் 96 பாகைக்குச் சற்று மேலேயே கொதித்துவிடுகிறது. நுவரெலியா நகரத்தில் இது இன்னும் இறங்கி 94 பாகையை ஒட்டி வரும். பாகின் கொதிநிலையும் இதே அளவு கீழிறங்கும். கொழும்பில் 114 பாகையில் கிடைக்கும் பதம் நோர்வூட்டில் 110 அல்லது 111 பாகையிலேயே வந்துவிடும். சமையல் புத்தகம் சொல்லும் 114 பாகை வரட்டும் என்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால், பாகு அதற்குள் கெட்டி உருண்டைப் பதத்துக்குப் போய்விடும். அதில் கிளறிய மா ஆறியதும் கல். கிண்ணத்து நீரில் துளி விட்டுப் பார்க்கும் பழைய முறை இந்தப் பொறியில் விழுவதில்லை. அது வெப்பநிலையை அளக்கவில்லை, செறிவையே அளக்கிறது. செறிவுக்கு மலையும் கடற்கரையும் ஒன்றுதான். இந்த ஒரு விஷயத்தில் கிண்ணத்து நீர் கண்ணாடிக் கருவியைவிடத் திறமான அளவி என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனாலும் கிண்ணத்து நீருக்கும் ஒரு பலவீனம் உண்டு. அடர்ந்த சர்க்கரைப் பாகின் பிசுக்குத்தன்மை வெப்பநிலையோடு மிக வேகமாக மாறுவது. சில பாகை குளிர்ந்தாலே அது பன்மடங்கு கெட்டியாகும். 28 பாகை நீரில் இன்னும் ஒழுகும் துளி, 16 பாகை நீரில் உருண்டையாகத் திரளக்கூடும். மலைநாட்டுக் குழாய் நீரில் பார்க்கும்போது பதம் வந்துவிட்டதாக முன்கூட்டியே தோன்றும். அப்போது இறக்கினால் பாகில் நீர் மிஞ்சியிருக்கும், மா தளரும், எண்ணெயில் போட்ட அதிரசம் நூல்நூலாகப் பிரியும். குளிர் காலையில் செய்வோர், சோதனை நீரை அறைச் சூட்டுக்குச் சற்று மேல் வெதுவெதுப்பாக எடுத்துக்கொள்வதோ, உருண்டை கொஞ்சம் உறுதியாக வரும்வரை பொறுப்பதோ இந்தப் பிழையைத் திருத்தும்.

இறக்கிய பாகில் மாவைத் தூவிக் கிளறும்போது மாப்பொருள் வேகத் தொடங்குகிறது. நீரில் தனியாக இருந்தால் அரிசி மாப்பொருள், வகையைப் பொறுத்து, 55 முதல் 80 பாகைக்குள் வீங்கிக் கூழாகிவிடும். பாகில் அப்படி நடப்பதில்லை. சர்க்கரை நீரைத் தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்வதால், மணிகள் வீங்குவதற்கு வேண்டிய வெப்பநிலை இருபது முப்பது பாகை உயர்ந்துவிடுகிறது. இதனால் மேற்பரப்பு மணிகள் ஓரளவு வெந்து பசையாகி, மற்றவற்றை ஒட்டிப் பிடிக்கின்றன. பெரும்பாலானவை வேகாமல் காத்திருந்து பொரியும்போது வேகின்றன. கடித்தால் மெதுவாகவும் நாக்குக்குச் சிறுமணியாகவும் தெரியும் அதிரசத்தின் தன்மை இந்த அரைகுறை வேக்காட்டின் கொடை. சிங்களவர் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யும் கொண்டைப் பணியாரத்திலும் அரிசி மாவும் கித்துள் பாணியும் தேங்காய் எண்ணெயும்தான். ஆனால் அங்கே கலவை அகப்பையால் ஊற்றும் அளவுக்கு இளகியது. ஊற்றிய நடுவில் ஈர்க்கால் சுழற்றிக் கொண்டை எழுப்புகிறார்கள். ஒரே மலையில், ஒரே மூன்று பொருள்களில், நீரின் அளவை மாற்றியதாலேயே இரண்டு பண்டிகைகளுக்கு இரண்டு பலகாரங்கள் கிடைத்திருக்கின்றன.

கிளறிய மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். இந்த நாட்களில் நீர் இடம்மாறுகிறது. ஈரம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மெல்லப் பரவி, மா முழுவதும் ஒரே சீராகிறது. சூடான ஊரில் மதுவங்களும் லக்டிக் அமில நுண்ணங்கிகளும் சிறிதளவு பெருகி இலேசான புளிப்பு மணத்தைச் சேர்க்கவும் கூடும். நோர்வூட்டின் குளிரில் இவையெல்லாம் மந்தப்படுகின்றன. மாறாக வேறொன்று வேகம்பெறுகிறது. வெந்து விரிந்த மாப்பொருள் இழைகள் ஆறும்போது மீண்டும் ஒன்றையொன்று ஒட்டி அடுக்காகி இறுகும். இரவு மிஞ்சிய சோறு காலையில் விறைப்பதும் இதனால்தான். உறைநிலைக்குச் சற்று மேலே, 4 பாகையை ஒட்டி, இந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கும். 15 பாகை அறையில் அது 30 பாகை அறையைவிட அதிகம். சர்க்கரை அதைத் தாமதப்படுத்தினாலும் முற்றாகத் தடுப்பதில்லை. கூடவே குளிரில் பாகும் தடிப்பதால், மூன்றாம் நாள் பாத்திரத்தைத் திறந்தால் விரலே இறங்காத கட்டியாக இருக்கும். அதைக் கண்டு உடனே பால் ஊற்றுவது அவசரம். முதலில் பாத்திரத்தை அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்ற வேண்டும். பாகின் தடிப்பு சூட்டில் இளகும். இறுகிய மாப்பொருளும் 60 பாகையை எட்டினால் நெகிழும். அதற்குப் பிறகும் வெடித்தால் மட்டும் ஒரு கரண்டி வெந்நீர் அல்லது பால்.

மா தளர்ந்துவிட்டால் வழி வேறு. கொஞ்சம் ஈர அரிசி மாவைச் சேர்த்துப் பிசைவது சரியான திருத்தம். கோதுமை மாவைச் சேர்ப்பதும் தோட்டங்களில் பழக்கத்தில் உண்டு. தோட்டத்து அன்றாட உணவில் கோதுமை மா நீண்ட காலமாகப் பங்கீட்டுப் பொருளாகவும், பின்னர் 1980இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கியபின் கடைப் பொருளாகவும் நிலைபெற்றுவிட்டதால், அது எந்த வீட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதன் குளூட்டன் வலை அதிரசம் கரைவதைத் தடுக்கும். ஆனால் அளவு கூடினால் மென்மை போய், தின்பது இனிப்பு ரொட்டியாகிவிடும்.

பொரிப்பதற்கு முன், மலைநாட்டுக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலே உறைந்திருக்கும். அதன் உருகுநிலை ஏறத்தாழ 24 பாகை. தாச்சியில் உருகிச் சூடான பிறகு எண்ணெய்க்கு உயரம் ஒரு பொருட்டல்ல. எண்ணெய் கொதிப்பதில்லை, ஆகவே அமுக்கம் அதைத் தொடுவதில்லை. தொடுவது மாவுக்குள் இருக்கும் நீரைத்தான். அது சமவெளியைவிடச் சில பாகை முன்னதாகவே ஆவியாகத் தொடங்குவதால், உட்பகுதி அந்த அளவு குறைந்த சூட்டிலேயே வேகிறது. சற்று அதிக நேரம் எண்ணெயில் விடுவதே இதற்கு மாற்று. தீயைக் கூட்டுவது மாற்றாகாது. சர்க்கரையும் அரிசிப் புரதமும் 140 பாகைக்கு மேல் வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. 180 பாகையை எண்ணெய் தாண்டினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். 150 முதல் 165 பாகை வரை போதும். கவ்வாத்து வெட்டிய மிலாறு காய்ந்தால் சடசடவென எரியும் விறகு. அதன் சுவாலையில் பொரிப்பதைவிட, எரிந்து தணலான பிறகு பொரித்தால் இந்த எல்லைக்குள் நிறுத்துவது எளிது.

எடுத்த அதிரசத்தை உடனே இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கிடையே வைத்து அழுத்துவார்கள். இதில் உடனே என்பது முக்கியம். பொரியும் நேரம் முழுவதும் உள்ளிருந்து ஆவி வெளியேறிக்கொண்டே இருப்பதால் எண்ணெயால் உள்ளே புக முடிவதில்லை. தாச்சியிலிருந்து எடுத்ததும் ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்கி, நுண்துளைகளில் அமுக்கம் குறைகிறது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை அந்தத் துளைகள் அப்போது உள்ளே இழுக்கின்றன. பலகாரம் குடிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி இந்தச் சில விநாடிகளில்தான் ஏறுகிறது. குளிர்ந்த அறையில் இது இன்னும் விரைவு. அத்தோடு வெளியே தங்கும் தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்து மெழுகுப் படலமாகிவிடும். சூட்டோடு பிழியாத அதிரசம் மறுநாள் நாக்கில் வழுக்குவதற்குக் காரணம் அந்தப் படலம்.

பொரித்தபின் மிஞ்சுவது சேமிப்பு. உணவில் மொத்தம் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு நுண்ணங்கிகளுக்குக் கிடைக்கும் என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. தூய நீருக்கு 1 என்று வைத்து இதை அளப்பார்கள். பெரும்பாலான பக்டீரியாக்களுக்கு 0.9க்கு மேல் வேண்டும், வழக்கமான பூசணங்களுக்கு 0.8 போதும். நன்றாகப் பொரித்த அதிரசத்தில் சர்க்கரை நீரைப் பிணைத்து வைத்திருப்பதால் அளவு இவற்றுக்குக் கீழே நிற்கும். ஆனால் திறந்து வைத்த எந்த உணவும் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வர முயலும். ஈரப்பதன் 85 சதவீதமுள்ள காற்றில் அது போய்ச்சேரும் அளவு 0.85. வெல்லத்தில் உள்ள ஃபிரக்டோஸ் காற்றின் ஈரத்தை ஆவலோடு இழுப்பதால் இந்தப் பயணம் விரைவாகவே நடக்கும். முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், சில நாளில் வெள்ளைப் பூசணம் தெரியும். ஆகவே ஐப்பசி மழையில் அதிரசத்தை ஓலைப்பெட்டியில் வைப்பதைவிட இறுக மூடும் தகரப்பெட்டியில் வைப்பது நல்லது. சூடு முழுவதும் தணிந்த பிறகே மூட வேண்டும். இளஞ்சூட்டோடு மூடினால் எழும் ஆவி மூடியில் படிந்து, சொட்டாக விழுந்து, விழுந்த இடத்தில் மட்டும் அளவை 0.9க்கு மேல் தூக்கிவிடும். பிசுபிசுக்கத் தொடங்கியவற்றைத் தோசைக்கல்லில் சிறுதீயில் இருபுறமும் சூடாக்கினால் மேற்பரப்பு நீர் போய்விடும், இறுகிய மாப்பொருளும் இளகும். பூசணம் தெரிந்தவற்றுக்கு இது பொருந்தாது. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாக இறங்கியிருக்கும் என்பதால் அவற்றை எறிந்துவிட வேண்டும்.